செல்ஃப் அடிக்காத வண்டி

மே மாதக் கடைசி வாரத்தில் மும்பையில் மண் தோண்டும் வண்டி வைத்திருப்பவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மே 31-க்குள் மித்தி ஆற்றிலும் நாலாக்களிலும் தூர் வாரி முடிக்க வேண்டும், சாலையில் தோண்டிய பள்ளங்களை மூடியாக வேண்டும். தாராவி 90 அடி சாலையிலும் மாட்டுங்கா லேபர் கேம்ப்பிலும் இருக்கும் நம் வயரிங் மெக்கானிக்குகளுக்கு விடியற்காலையில் போன் வருவது அந்த வாரத்தில்தான். "செல்ஃப் நஹி மார் ரஹா, ஜல்தி ஆவோ."

போய் இறங்கியதும் பலர் முதலில் செய்வது செல்ஃபைக் கழற்றுவது. கழற்றி, வேலைக்கடைக்குக் கொண்டுபோய், கார்பன் மாற்றி, புஷ் மாற்றி, திரும்பக் கொண்டுவந்து மாட்டினால் பழைய கதையேதான். அரை நாள் போய்விட்டது, வண்டிக்காரருக்குக் காசும் போய்விட்டது. இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே வேண்டுகோள்தான்: அளந்து பார்க்காமல் செல்ஃபில் ஸ்பேனர் வைக்காதீர்கள். கடலை ஒட்டிய இந்த ஊரில் செல்ஃப் கெட்டுப்போவதைவிட, செல்ஃபுக்குப் போகிற வழி கெட்டுப்போவதுதான் அதிகம். உப்புக் காற்றில் தாமிரம் பச்சை பூத்துவிடுகிறது. கேபிளின் ரப்பர் உறைக்குள்ளேயே அந்தப் பச்சை ஏறிப்போகும், வெளியில் ஒன்றுமே தெரியாது.

போனிலேயே கேட்டுவிடுங்கள்

புறப்படுவதற்கு முன் ஆபரேட்டரிடம் இரண்டு கேள்வி கேட்டால் பாதி வேலை முடிந்துவிடும். முதலாவது, சாவியைத் திருப்பினால் என்ன சத்தம் வருகிறது? சத்தமே இல்லையா, ஒரே ஒரு 'டக்' மட்டுமா, 'டக் டக் டக்' என்று விடாமல் அடிக்கிறதா, இஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா, செல்ஃப் மட்டும் தனியாகக் 'கிர்ர்' என்று ஓடுகிறதா, இல்லை இஞ்சின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையா? ஒவ்வொன்றும் வேறு வேறு நோய். போனை வண்டிக்குப் பக்கத்தில் பிடித்துச் சாவியைத் திருப்பச் சொன்னால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது, நேற்று என்ன நடந்தது? பக்கெட் பல்லுக்கு வெல்டிங் வைத்தார்களா? மழையில் நின்றதா? கேபினில் புதிதாக ஃபேன், பாட்டுப் பெட்டி, போன் சார்ஜர் ஏதாவது மாட்டினார்களா? ஒரு பேட்டரியை மட்டும் மாற்றினார்களா? கேட்காவிட்டால் யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள்.

வண்டி எது என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். ஊரில் நாம் ஹிட்டாச்சி என்பதை இங்கே போக்லேன் என்பார்கள். இருபது டன் போக்லேனில் இரண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இணைந்து 24 வோல்ட் கொடுக்கும். ஜேசிபி 3டிஎக்ஸ் 12 வோல்ட் வண்டி. இதை மறந்து 24 வோல்ட் டிப்பரிலிருந்து ஜேசிபிக்குக் கேபிள் கொடுத்தால் ஈசியூ, மீட்டர், ரிலே எல்லாம் ஒரே நொடியில் போகும். டிப்பர்களிலும் இரண்டு வகையும் உண்டு, அதனால் பேட்டரியை எண்ணாமல் கேபிளைத் தொடாதீர்கள்.

கை வைப்பதற்கு முன்

பக்கெட்டைத் தரையில் இறக்கி, பார்க்கிங் பிரேக் போட்டு, கியர் லீவர் நியூட்ரலில் இருப்பதைக் கண்ணால் பாருங்கள். சாவியை உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். கையிலிருக்கும் காப்பையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள். பேட்டரி பாசிட்டிவுக்கும் பாடிக்கும் நடுவில் காப்பு மாட்டினால் அது சிவக்கச் சூடாகி மணிக்கட்டோடு ஒட்டிக்கொள்ளும்.

ஸ்குரூடிரைவரால் சோலனாய்டு போல்ட்டுகளை இணைத்துச் செல்ஃப் அடிக்கும் பழக்கம் நம் தொழிலில் ஊறிப்போனது. விட்டுவிடுங்கள். அப்படிச் செய்யும்போது நியூட்ரல் ஸ்விட்ச், சேஃப்டி லீவர் எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடுகிறோம். வண்டி கியரில் இருந்தால் இஞ்சின் பிடித்த கணமே நகரும். நீங்கள் நிற்பது சக்கரத்துக்கும் சேசிஸுக்கும் நடுவில். இதில் ஆட்கள் செத்திருக்கிறார்கள்.

செம்பூருக்கு அப்பால் மாஹுலில் சுத்திகரிப்பு ஆலைகளுக்குள் வேலை என்றால் பொறி கிளம்பும் எந்த வேலைக்கும், பேட்டரி கேபிள் கழற்றி மாட்டுவது உட்பட, முதலில் பெர்மிட் வாங்க வேண்டும். வெளியிலும் கவனம் தேவைதான். சார்ஜ் ஏறும் பேட்டரி ஹைட்ரஜன் விடுகிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறிக்கு வெடிக்கும். அதனால்தான் ஜம்ப் கொடுக்கும்போது கடைசி நெகட்டிவ் கிளிப்பைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இஞ்சின் பிளாக்கில் மாட்டச் சொல்கிறோம்.

பேட்டரி

வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு அளந்தால், நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12.4 என்றால் முக்கால், 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால்பங்குதான் மிச்சம். மூடி திறக்கும் பேட்டரியாக இருந்தால் ஹைட்ரோமீட்டர் விடுங்கள். ஒரு செல் மற்றவற்றைவிட 0.050 குறைவாகக் காட்டினால் அந்தப் பேட்டரியை எவ்வளவு சார்ஜ் செய்தும் பயனில்லை.

24 வோல்ட் வண்டியில் இரண்டு பேட்டரியையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மொத்தமாக 24.6 என்று பார்த்துத் திருப்திப்பட்டால் ஏமாந்துபோவீர்கள். ஒன்று 12.9, இன்னொன்று 11.7 ஆக இருக்கலாம். மும்பை வண்டிகளில் இது அடிக்கடி நடக்கிறது, காரணம் கேபின் ஃபேன். 12 வோல்ட் ஃபேனுக்கு இரண்டு பேட்டரிக்கும் நடுவிலிருக்கும் இணைப்பிலிருந்து வயர் இழுத்துவிடுகிறார்கள். ஃபேன் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் உறிஞ்சுகிறது. டைனமோவோ இரண்டையும் ஒன்றாக நினைத்துச் சார்ஜ் ஏற்றுகிறது. பயன்படாத பேட்டரி அதிகச் சார்ஜில் கொதித்துத் தண்ணீர் வற்றுகிறது, பயன்படும் பேட்டரி அரைப்பட்டினியில் சல்ஃபேட் பிடித்துச் சாகிறது. சில மாதத்தில் இரண்டும் காலி.

வெயிலில் எட்டு மணி நேரம் அந்தக் கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டரிடம் ஃபேன் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 24-லிருந்து 12 ஆக்கும் கன்வர்ட்டர் ஒன்றை வண்டிக்காரரை வாங்கி மாட்டச் சொல்லுங்கள். லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும், விலையும் ஒரு பேட்டரியைவிட மிகக் குறைவு. இரண்டில் ஒன்று செத்துவிட்டால் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஒரே மாடலாக, ஒரே தேதியில் தயாரானதாக இருக்கட்டும்.

கழித்த பேட்டரியை வாங்கிய கடையிலேயே கொடுத்துக் கழிவு வாங்கிக்கொள்ளுங்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகள்படி அதைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளரின் பொறுப்பு. சந்துக்குள் உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் போட்டால், அந்த ஈயம் நம் பிள்ளைகள் விளையாடும் மண்ணில்தான் சேரும். குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு அது.

ஓட்டத்தில் அளப்பது

இனி இந்த அத்தியாயத்தின் நடுப்பகுதி. இதை மட்டும் கைவசம் ஆக்கிக்கொண்டால் போதும், நீங்கள் கூலிக்கு அலையும் மெக்கானிக்காக இருக்க மாட்டீர்கள்.

செல்ஃப் முனையில் மீட்டர் வைத்தேன், 24 வோல்ட் வருகிறது, அப்படியானால் கேபிள் நன்றாக இருக்கிறது, செல்ஃப்தான் போச்சு. இந்தக் கணக்கு தப்பு. மல்டிமீட்டர் உறிஞ்சும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். எழுபது இழை அறுந்து ஒரே இழை மிச்சமிருக்கும் கேபிளிலும் அது 24 காட்டும். முக்கால்வாசி அடைத்துப்போன குழாயிலும் திருகை மூடியிருக்கும்வரை முழு அழுத்தம் தெரியும், திறந்தால்தான் சொட்டுகிறது என்பது புரியும். அதேபோல, கரண்ட் ஓடும்போது அளந்தால்தான் வழியின் நிலைமை தெரியும்.

போக்லேன் செல்ஃப் இஞ்சினைச் சுற்றும்போது 300 ஆம்பியர் சாதாரணமாக இழுக்கும், தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். வழியில் ஓர் ஓம்மின் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 300 ஆம்பியரில் 3 வோல்ட் அங்கேயே கரைந்துவிடும். அவ்வளவு சிறிய தடையை மீட்டரின் ஓம் அளவில் பார்க்கவே முடியாது. கரையும் வோல்ட்டைத்தான் பிடிக்க வேண்டும்.

முதலில் இஞ்சின் பிடிக்காதபடி செய்யுங்கள். பழைய பம்ப் வண்டியில் ஸ்டாப் சோலனாய்டு வயரைக் கழற்றினால் போதும். ஈசியூ வண்டியில் கம்பெனிக் கையேடு சொல்லும் ஃப்யூஸை மட்டும் எடுங்கள், இஞ்செக்டர் கனெக்டர்களைப் பிடுங்காதீர்கள். உதவிக்கு ஒருவரைச் சாவி திருப்ப வைத்து, ஒவ்வொரு முறையும் ஐந்து நொடிக்கு மேல் சுற்றாமல் அளக்க வேண்டும்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். சுற்றும்போது பேட்டரியின் இரு முனைக்கும் நடுவில் எவ்வளவு? செல்ஃபின் பெரிய பாசிட்டிவ் போல்ட்டுக்கும் செல்ஃபின் உடம்புக்கும் நடுவில் எவ்வளவு? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வழியில் தின்றது. பிறகு ஒரு முள்ளைப் பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக் குமிழியில் வைத்து, மறுமுள்ளைச் செல்ஃபின் பாசிட்டிவ் போல்ட்டில் வையுங்கள். கிளாம்ப்பில் வைத்தால் குமிழிக்கும் கிளாம்ப்புக்கும் நடுவிலிருக்கும் நோய் தெரியாமல் போகும், அதனால் முள் ஈயத்திலேயே குத்த வேண்டும். அடுத்து, நெகட்டிவ் குமிழியிலிருந்து செல்ஃபின் உடம்புக்கு. 12 வோல்ட் வண்டியில் ஒவ்வொரு பக்கமும் அரை வோல்ட் வரை பொறுக்கலாம். 24 வோல்ட் வண்டியில் ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அந்தப் பக்கத்தைத் துண்டு துண்டாக அளந்து தேடுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஆற்றங்கரையில் நிற்கும் போக்லேன் ஒன்று இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. நிற்கும்போது பேட்டரியில் 25.2 வோல்ட், சுற்றும்போது 22.4. செல்ஃபில் கிடைப்பது 16.9 மட்டும். பாசிட்டிவ் வழியில் கரைவது 0.6, குறையில்லை. நெகட்டிவ் வழியில் 4.9. பேட்டரி நெகட்டிவிலிருந்து கட்-ஆஃப் ஸ்விட்ச் தாண்டிச் சேசிஸ் வரை 0.3. சேசிஸிலிருந்து இஞ்சின் பிளாக் வரை 4.3. பிளாக்கிலிருந்து செல்ஃப் உடம்பு வரை 0.3. நோய் எங்கே என்று எண்களே காட்டிவிட்டன. இஞ்சின் ரப்பர் மவுண்ட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, ரப்பர் கரண்ட் கடத்தாது. இஞ்சினைச் சேசிஸோடு இணைப்பது ஒரே ஓர் எர்த் பட்டைதான், அது சகதியில் நனைந்து நனைந்து அரித்துப்போயிருக்கிறது. செல்ஃபுக்கு எந்தக் குறையும் இல்லை.

எர்த் பட்டையைப் புறக்கணிப்பது நம் தொழிலின் பெரிய குறை. பாசிட்டிவ் கேபிள் சிவப்பாகக் கண்ணில் படுகிறது, எர்த் அடியில் அழுக்கோடு கிடக்கிறது. போகிற கரண்ட் எவ்வளவோ அவ்வளவும் அந்த வழியாகத்தான் திரும்ப வர வேண்டும். புதிய பட்டை போடும்போது சேசிஸில் அது உட்காரும் இடத்தைப் பெயின்ட் போகச் சுரண்டி, உலோகம் பளபளக்க வைத்து, இறுக்கிய பிறகு மேலே வாஸ்லீன் பூசுங்கள்.

கேபிள் புதிதாகக் கட்டினால் பழையதன் தடிமனுக்கு ஒரு நூல்கூடக் குறையக் கூடாது. லோஹார் சாலில் வெல்டிங் கேபிள் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவருவார்கள். வெட்டிப் பாருங்கள், உள்ளே அலுமினியமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே தடிமன் தாமிரத்தைவிட அலுமினியத்தில் தடை அதிகம், தாமிர லக்கோடு சேரும் இடத்தில் உப்புத் தண்ணீர் பட்டால் மிக வேகமாக அரிக்கும். வெள்ளீயம் பூசிய தாமிர லக் வாங்கி, ஹைட்ராலிக் கிரிம்ப்பரால் அழுத்தி, உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயால் மூடுங்கள். சுத்தியலால் தட்டிய லக் ஒரு மழைக்காலம் தாங்காது.

வழி சுத்தமாக இருந்தும் மெதுவாகச் சுற்றினால், இப்போது டிசி கிளாம்ப் மீட்டர் போடுங்கள். ஏசி மட்டும் அளக்கும் கிளாம்ப் இதற்கு உதவாது. கரண்ட் வழக்கத்தைவிட மிக அதிகம் என்றால் ஆர்மேச்சர் ஷார்ட்டாக இருக்கலாம், புஷ் தேய்ந்து ஆர்மேச்சர் உரசலாம், அல்லது இஞ்சினே இறுகியிருக்கலாம். ஆகவே கிராங்க் புல்லியைப் பார் போட்டுக் கையால் ஒரு சுற்றுத் திருப்பிப் பாருங்கள். கரண்ட் குறைவாக இருந்து மெதுவாகச் சுற்றினால் கார்பன் தேய்ந்திருக்கும். இப்போது தாராளமாகச் செல்ஃபைக் கழற்றுங்கள்.

'டக் டக் டக்' என்று விடாமல் அடிப்பதற்கும் காரணம் வோல்ட்தான். சோலனாய்டுக்குள் இரண்டு சுருள்: ஒன்று பிளஞ்சரை இழுக்க, ஒன்று பிடித்துவைக்க. பெரிய காண்டாக்ட் மூடியதும் இழுக்கும் சுருள் ஓய்ந்துவிடும், பிடிக்கும் சுருள் தனியாக நிற்கும். அந்த நேரத்தில் செல்ஃப் கரண்ட்டை உறிஞ்ச, வோல்ட் விழுந்தால் பிடி தளர்ந்து பிளஞ்சர் பின்னால் போகும். லோடு விலகியதும் வோல்ட் ஏறும், மறுபடி இழுக்கும். பேட்டரி இறங்கியிருக்கிறது, அல்லது வழி கெட்டிருக்கிறது என்பதற்கு இது அடையாளம். ஒரே ஒரு 'டக்' கேட்டு அப்படியே நின்றால், பேட்டரியும் வழியும் சரியென்று அளந்த பிறகு, சோலனாய்டின் காண்டாக்ட் கருகியிருக்கிறதா என்று பாருங்கள்.

சத்தமே இல்லாதபோது

போக்லேனில் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பியதும் பேட்டரிப் பக்கத்தில் பேட்டரி ரிலே ஒரு 'டக்' சொல்ல வேண்டும். அது வராமல் மீட்டரும் எரியவில்லை என்றால் கட்-ஆஃப் ஸ்விட்ச், ஃப்யூசிபிள் லிங்க், ரிலே, சாவி ஸ்விட்ச் என்று வரிசையாகத் தேடுங்கள். மீட்டர் எரிந்து, செல்ஃப் மட்டும் மௌனம் என்றால் சோலனாய்டின் சின்ன வயர் முனைக்கு, அதாவது 50 என்று எழுதியிருக்கும் இடத்துக்கு, டெஸ்ட் லேம்ப் வைத்து ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். விளக்கு நன்றாக எரிந்தும் அசைவில்லை என்றால் கோளாறு செல்ஃப் பக்கம். எரியவில்லை என்றால் வயரைப் பிடித்துப் பின்னோக்கி நடக்க வேண்டும்: ஸ்டார்ட்டர் ரிலே, சேஃப்டி லீவர் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், ஃப்யூஸ், சாவி.

போக்லேனில் இடதுபக்கச் சேஃப்டி லீவர் பூட்டு நிலையில் இல்லாவிட்டால் பல மாடல்களில் செல்ஃப் எடுக்காது. ஜேசிபியில் முன்-பின் லீவர் நியூட்ரலில் இல்லாவிட்டாலும் அப்படித்தான். புது ஆபரேட்டர் என்றால் முதலில் இதைப் பார்த்துவிட்டுப் பிறகு டூல்ஸைத் திறங்கள். ஸ்விட்ச் கெட்டிருந்தால் மாற்றுங்கள், ஷார்ட் செய்து ஒதுக்கிவிடாதீர்கள். சில வண்டிகளில் இஞ்சின் ஓடும்போது செல்ஃப் மறுபடி பாயாமல் தடுக்க ஒரு ரிலே உண்டு, டைனமோவின் ஆர் முனையைப் பார்த்து அது முடிவெடுக்கும். டைனமோ டயோடு கெட்டு அந்த முனையில் எப்போதும் வோல்ட் நின்றால், இஞ்சின் ஓடுகிறது என்றெண்ணி ரிலே செல்ஃபை விடாது. வெல்டிங் வைத்த மறுநாள் வரும் கோளாறுகளில் இதுவும் ஒன்று. அதே டயோடு கசிந்து இரவோடு இரவாகப் பேட்டரியைக் காலி செய்வதும் உண்டு. வெல்டிங்குக்கு முன் பேட்டரி கேபிளையும் ஈசியூ கனெக்டரையும் கழற்றி, எர்த் கிளாம்ப்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டச் சொல்லுங்கள்.

செல்ஃப் தனியாகக் 'கிர்ர்' என்று ஓடினால் பெண்டிக்ஸ் வழுக்குகிறது அல்லது ரிங் கியர் பல் போயிருக்கிறது. இஞ்சினைக் கையால் கொஞ்சம் திருப்பிவைத்து முயன்றால் பிடிக்கிறதா? அப்படியானால் ரிங் கியர்.

சுற்றுகிறது, பிடிக்கவில்லை

நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பழைய பம்ப் வண்டியில் முதல் சந்தேகம் ஸ்டாப் சோலனாய்டு. சாவி ஆன் செய்ததும் பம்ப் பக்கம் 'டக்' கேட்க வேண்டும். 2021 ஏப்ரலுக்குப் பின் வந்த சக்கர வண்டிகளில் பெரும்பாலும் ஈசியூ இருக்கிறது. சுற்றும்போது வோல்ட் அதிகம் விழுந்தால் ஈசியூ மயங்கிவிடும், டீசல் விடாது. மீட்டர் விளக்குகள் சுற்றும்போது அணைந்து எரிந்தால் மறுபடி பேட்டரிக்கும் எர்த்துக்கும் போங்கள். விளக்கு நிலையாக இருந்து ஆர்பிஎம் மட்டும் பூஜ்யத்தில் நின்றால் கிராங்க் சென்சாரையும் அதன் கனெக்டரையும் பாருங்கள். அதற்கு மேல் டீசல் வழியின் கோளாறு, வேறு அத்தியாயம்.

எந்த வண்டியானாலும் கையேடு சொல்லும் நேரத்துக்கு மேல் செல்ஃப் அடிக்க விடாதீர்கள். பொதுவாக 10-லிருந்து 30 நொடி, அடுத்த முயற்சிக்கு முன் இரண்டு நிமிட ஓய்வு. பதற்றத்தில் ஆபரேட்டர் விடாமல் அடித்து, நன்றாக இருந்த செல்ஃபையும் எரித்துவிட்டுத்தான் பல நேரம் நம்மைக் கூப்பிடுகிறார்.

மழை

2005 ஜூலை 26-இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டி, மித்தி கரைபுரண்டது. அளவு அவ்வளவு இல்லாவிட்டாலும் இன்னும் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஏதாவது பள்ளத்தில் வண்டி முழுகுகிறது. முழுகிய வண்டியில் சாவியைத் தொடவே கூடாது. தண்ணீர் வடிந்ததும் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் செல்ஃப் அடித்ததும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும், ஆபரேட்டரோ "ஒரே டக், அப்புறம் அசையல" என்றுதான் சொல்வார். இஞ்செக்டரைக் கழற்றிக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் மற்றது. இப்படி முழுகிய செல்ஃபையும் டைனமோவையும் அளக்காமலே கழற்றலாம். நல்ல தண்ணீரில் உப்பையும் சேற்றையும் கழுவி, முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை சும்மா நிற்கும் வண்டிக்குப் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவைப்பது கட்டாயம். மாதம் ஒருமுறை அளந்து, 12.4-க்குக் கீழே போனால் சார்ஜ் போடுங்கள். எலிகள் மழைக்கு ஒதுங்கி இஞ்சின் அறைக்குள் வந்து வயரைக் கடிக்கும், ஆகவே அக்டோபரில் முதல் சாவிக்கு முன் வயரிங் முழுவதையும் டார்ச் அடித்துப் பாருங்கள். இஞ்சின் பிடித்த பிறகு லைட், ஃபேன் எல்லாம் போட்டு டைனமோவை அளந்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். 12 வோல்ட் வண்டியில் 13.8-லிருந்து 14.4, 24 வோல்ட் வண்டியில் 27.6-லிருந்து 28.8 வரை இருக்கட்டும். அன்றைக்கு எடுத்த அளவுகளைத் தேதியோடு பேட்டரிப் பெட்டி மூடியின் உட்புறம் பெயின்ட் பேனாவால் எழுதிவையுங்கள். அடுத்த முறை வருவது நீங்களாக இல்லாவிட்டாலும், வரும் மெக்கானிக்குக் கணக்குத் தொடங்க ஓர் இடம் கிடைக்கும்.